பாட்டை இடையில் வெட்டாதவர்

மட்டக்களப்பு டவுனில் ஒன்று, ஏறாவூரில் ஒன்று, வாழைச்சேனையில் ஒன்று என அவருக்குப் பாட்டுகளைக் கசெட்டில் பதிந்து விற்கும் மூன்று ரெக்கோடிங் பார்கள் இருந்தன. மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே நீலப் பலகை. வாழைச்சேனைக் கடையில் நான் வேலை செய்தேன். கசெட்டோடு வரும் சின்ன அட்டையில் பாட்டுகளின் பட்டியலை எழுதுவதுதான் என் வேலை. என்னைச் சேர்த்துக்கொள்ளும்போது எழுத்து வடிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பாட்டுக் கேட்பேனா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவரை நேரே ‘முதலாளி’ என்போம். அவர் இல்லாத நேரத்தில் ‘முழுசு’ என்போம். அது அவருக்கும் தெரியும்.

காரணம் இதுதான். ஒரு மணித்தியாலக் கசெட்டில் பக்கத்துக்கு அரை மணித்தியாலம். மற்றக் கடைகளில் இடம் இருக்கும்வரை பாட்டை நிரப்புவார்கள். கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடும். எங்கள் கடையில் கடைசிப் பாட்டுக்கு முழு இடம் இல்லையென்றால் அந்தப் பாட்டே இல்லை. மிச்சம் மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ வெறும் இரைச்சல்தான்.

“முதலாளி, மற்றக் கடையில இதே கசெட்டில ரெண்டு பாட்டுக் கூடப் போட்டுத் தாறாங்க” என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

“ரெண்டும் முழுசாவா?”

“ஒண்டொண்டும் அரைவாசியில நிண்டுரும்.”

“அப்ப அது பாட்டில்ல” என்றார் இவர். வந்தவர் மற்றக் கடைக்கே போய்விட்டார். அப்படிப் போனவர்கள் நிறையப் பேர்.

ஒரு முறை கலியாண மாப்பிள்ளை ஒருவர் வந்தார். பெண் வீட்டுக்குப் போகிற வழியில் வான் வண்டியில் போடுவதற்கு ஒரு கசெட் வேண்டும். முப்பது பாட்டு, ஒவ்வொன்றிலும் நல்ல இடம் மட்டும். முதலாளி அவரை உட்காரவைத்து, தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்து, கலியாணம் எந்த மண்டபத்தில், சாப்பாடு யார் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு, “தம்பி, நல்ல இடம் மட்டும் எண்டு நான் வெட்டிட்டா அது ஏன் நல்ல இடம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். மாப்பிள்ளை யோசித்துப் பார்த்துவிட்டு எட்டுப் பாட்டோடு போனார்.

மனிதர்கள் விஷயத்திலும் அவர் அப்படித்தான். டவுனிலிருந்து ஏறாவூர்க் கடைக்கு பஸ்ஸில் போனவர் ஒரு நாள் ஏறாவூரைத் தாண்டிச் செங்கலடியில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்து வந்தார். பக்கத்து இருக்கைக்காரர் தன் வட்டை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் தம்பியோடு வந்த சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். ஏறாவூர் வரும்போது தம்பி மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறான். அந்த இடத்தில் எப்படி எழும்புவது?

“மண்வெட்டியால அடிச்சாரா?” என்று, அன்று ஏறாவூர்க் கடைக்கு வந்திருந்த நான் கேட்டேன்.

“இல்ல புள்ள. வாய்க்கால வெட்டினாராம்” என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

இதையெல்லாம் நாங்கள் சிரிப்பாகவே சொல்லித் திரிந்தோம். ஆனால் களுதாவளைக் கதையை அவ்வளவு சிரிப்பாகச் சொல்ல முடியாது. அது அவருடைய ஊர். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி அவருடைய பொறுப்பு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் ஓடிவந்து, பிள்ளையைக் காணவில்லை, மைக்கில் சொல்லுங்கள் என்றார். இவர், “ஓம் தங்கச்சி, இந்தப் பாட்டு முடியட்டும்” என்றார். பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அந்தப் பெண் அந்த இரண்டு நிமிடமும் ஒலிபெருக்கிக்கு முன்னால் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். பிள்ளை ஐஸ்பழ வானுக்குப் பின்னால் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் வீட்டார் எங்கள் எந்தக் கடைக்கும் வரவில்லை. “பிள்ளை கிடைச்சிட்டுதுதானே” என்று இவர் ஓரிரண்டு தடவை சொன்னார். பிறகு சொல்வதில்லை.

பாட்டை விட எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது பேச்சுக் கசெட். வெளிநாட்டில் இருக்கும் புருஷன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் பேசி அனுப்புகிற கசெட். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஒரு கதிரை, ஒரு மேசை, ஒரு மைக். ஏறாவூரில் சவுதிக்கும் கட்டாருக்கும் போனவர்களின் பெண்சாதிமார் வரிசையில் நிற்பார்கள். முதலாளி மெசினைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவார். கதவுக்குப் பக்கத்தில்கூட நிற்க மாட்டார். றோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். எல்லாவற்றையும் முழுசாகக் கேட்கிற மனிதர் இதை மட்டும் கேட்பதில்லை. கசெட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் கடைசிப் பத்துச் செக்கன் மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பார். சொல்ல வந்தது முடிவதற்குள் கசெட் நாடா முடிந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக. முடிந்துவிட்டிருந்தால் இன்னொரு கசெட் சும்மா கொடுத்து மிச்சத்தைப் பேசச் சொல்வார்.

அதனால் எங்கள் பகுதிச் சனங்கள் விடைபெறுவது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். “வஸ்ஸலாம் சொன்ன பிறகுதான் புள்ள விஷயத்துக்கே வருவாங்க” என்பார். ஒரு மணித்தியாலம் மழை, மாடு, மதினியின் சீதனம் எல்லாம் பேசிவிட்டு, “சரி, அல்லாட காவல். ஆ, சொல்ல மறந்திட்டன், உங்கட வாப்பாவ ஆசுபத்திரியில வெச்சிருக்கு” என்று முடிப்பார்களாம்.

பிறகு கமியூனிகேஷன் கடைகள் வந்தன. பூத்துக்குள் நின்று வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கலாம். பிறகு சீடீ, பிறகு பென்ட்ரைவ், பிறகு எல்லார் கையிலும் போன். பாட்டு வாங்குவதற்கு ஆட்கள் வருவது நின்றது. மற்ற ரெக்கோடிங் பார்க்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை கசெட் விற்றுவிட்டுத் திங்கட்கிழமை போன் கவர் விற்றார்கள். எங்கள் முதலாளி மூன்று கடையிலும் ஒரு அறிவித்தல் ஒட்டினார்: ‘இந்தக் கடை அடுத்த வருடம் மூடப்படும்.’ எழுதியது நான்தான். அடுத்த மாதம் என்பதைப் பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைத்து நாலைந்து பேர் என்னைத் திருத்தினார்கள்.

முதலில் ஏறாவூர், பிறகு டவுன், கடைசியில் வாழைச்சேனை. பத்து வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் விடைபெற வந்தார்கள். வந்து, தாங்கள் எப்போது எந்தக் கசெட் வாங்கினோம் என்று சொல்லி, பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் போனார்கள். யூடியூப்காரர் ஒருவர் கமராவோடு வந்தார்.

“ஐயா, முப்பது செக்கனில கடையப் பத்திச் சொல்லுங்க.”

“எந்த முப்பது செக்கன்?”

அவர் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். வீடியோவில் வந்தது பதினொரு செக்கன். அதில் அவர் கதிரை துடைத்துக்கொண்டிருந்தார்.

டவுன் கடையைக் காலி பண்ணியபோது, ஆட்கள் எடுத்துப்போகாத பேச்சுக் கசெட்டுகள் ஒரு பெட்டி நிறைய வந்தன. மூன்று கடையினதும் சேர்ந்தது. எறியலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நானும் அவரும் வீடு வீடாகப் போனோம். அட்டையில் இருக்கும் பேரை நான் வாசிக்க, அவர் விசாரிப்பார். பழைய கசெட் பிளேயர் ஒன்றும் மடியில் இருக்கும், யாரிடமும் இப்போது அது இருக்காது என்பதால்.

ஏறாவூரில் ஒரு ராத்தா கசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது நான் அவருக்குப் பேசின. அவருக்கு லீவு கிடைச்சு அவரே வந்திட்டார். இனி என்னத்துக்கு? அந்தா, அறைக்குள்ள படுத்திருக்கார். சொல்லவேண்டியத நேராவே சொல்லிக்கொண்டுதான் இரிக்கன்” என்றார். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. ஆனாலும் கசெட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்படியே பெட்டி காலியானது. ஆள் கிடைக்காதவற்றை அயலவரிடமோ தம்பி தங்கச்சியிடமோ கொடுத்தோம். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்திருந்தபோது, வாழைச்சேனைக் கடையின் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு கசெட்டை எடுத்து மேசையில் வைத்தார். அட்டையில் ‘கல்குடா – கட்டார்’ என்று இருந்தது. என்னுடைய எழுத்து.

“இது ஏன் பெட்டிக்குள்ள இல்ல?”

“அது ஆக்கள் எடுக்காதது. இது நான் குடுக்காதது” என்றார்.

அவர் சொன்னது இவ்வளவுதான். கல்குடாவிலிருந்து ஒரு பெண் இரண்டு வயதுப் பிள்ளையோடு வந்து கட்டாரில் இருந்த புருஷனுக்குப் பேசினாள். இரண்டு பக்கமும் பேசினாள். திங்கட்கிழமை வந்து எடுத்துத் தபாலில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தது, சுனாமி. பிள்ளை பெரியம்மா வீட்டில் இருந்தபடியால் தப்பியது. அவள் இல்லை.

“கட்டார்ல இருந்து அந்த மனுசன் வந்த கிழமையே நான் போனன் புள்ள. கூடாரத்துக்குள்ள இருந்தார். கசெட் என்ர பொக்கற்றுக்குள்ள. குடுக்க ஏலாமப் போச்சு. ஒரு வருசம் போகட்டும் எண்டு நினைச்சன். மறுகா அவர் கலியாணம் முடிச்சார். இனிக் கொண்டுபோய்க் குடுத்து ஒரு குடும்பத்தக் குழப்பக்கூடாது எண்டு நினைச்சன். மறுகா இருபது வருசம் போயிட்டு.”

“கடைசியில என்ன சொல்லியிருந்தா?”

அவர் கசெட்டைச் சட்டைப் பொக்கற்றில் வைத்தார்.

அந்தக் கசெட்டுக்கு அட்டை எழுதியவள் நான். அந்தப் பெண் எனக்கு முன்னால் நின்று, ‘கல்குடா – கட்டார்’ என்று எழுதச் சொல்லியிருப்பாள். அவளுடைய முகம் எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

கல்குடாவில் அந்த மனிதர் இப்போது வள்ள எஞ்சின் திருத்துகிறார். நாங்கள் போனபோது கையெல்லாம் ஒயில். இரண்டாவது மனைவி எங்களுக்குக் கதிரை போட்டார். மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அப்போதுதான் வந்து பையை வைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். பிறகு கசெட்டை நீட்டினார். எஞ்சின்காரர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வாங்கவில்லை. மனைவிதான் கையை நீட்டி வாங்கினார்.

“அக்காட குரலா?” என்று கேட்டார்.

பிளேயரை அவரே உள்ளே கொண்டுபோய் ப்ளக்கில் போட்டார். மூவரும் உள்ளே போனார்கள். முதலாளி முற்றத்தைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, எதிர் வேலியோரம் போய் நின்றார். நானும் போனேன். அங்கிருந்து பேச்சு விளங்கவில்லை. ஒரு பெண்ணின் குரல் வேகமாக ஏறி இறங்குவது மட்டும் கேட்டது. திடீரென்று எஞ்சின்காரர் சிரிக்கிற சத்தம் வந்தது. முதலாளி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். இருபது வருடமாக அவர் எதிர்பார்த்திருந்தது அது இல்லை.

கொஞ்ச நேரத்தில் மனைவி தேத்தண்ணியோடு ஒழுங்கைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தபடி இருந்தது.

“ஏசுறா” என்றார். “இவர் போனில கதைக்கக்குள்ள கோபத்தில பாதியில வெச்சிட்டாராம். அதுக்கு ஏசுறா. ஒரு பக்கம் முடிஞ்சிட்டு, இன்னும் ஏசுறா. நல்லா ஏசுறா ஐயா.”

“அவர் என்ன சொல்றார்?” என்று கேட்டேன்.

“அவ கோபத்தோடயே போயிட்டா, கடைசியாக் கதைச்சது அந்தச் சண்டைதான் எண்டு இவருக்கு எப்பவும் ஒரு இது. எனக்குத் தெரியும். நான் கேக்கிறதில்ல.” கோப்பைகளை எங்கள் கையில் தந்துவிட்டு அவசரமாக உள்ளே போனார், விட்ட இடத்திலிருந்து கேட்க.

இரண்டாவது பக்கமும் முடிந்தபிறகு எஞ்சின்காரர் வெளியே வரவில்லை. மகள் வந்தாள். முதலாளிக்கு முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. வகுப்பில் பாடம் சொல்வதுபோலத் தெளிவாகப் பேசினாள்.

“கடைசியில அம்மா சொல்றத நீங்க கேட்டிருக்கிறீங்கதானே?”

“ஓம் மகள்.”

“‘இது கிடைச்சவுடன ஒரு கோல் எடுங்க, இந்த முறை கோபிக்காமக் கதைக்கிறன்’ எண்டு சொல்றா.”

“ஓம்.”

“அத மட்டும் கேட்டுட்டு, அப்பா தாங்க மாட்டார் எண்டு நீங்களே முடிவெடுத்திட்டீங்க.”

“ஓம்.”

“அதுக்கு முன்னால ஒரு மணித்தியாலம் இருக்கு. அதில ஏச்சு இருக்கு, கருவாட்டுக் கதை இருக்கு, இடைக்கிட நான் அழுறன், என்னத் தூக்கி வெச்சுப் பாட்டுப் படிக்கிறா. முந்தி அவ அனுப்பின கசெட் எல்லாம் கட்டார்லயே போயிட்டு, அப்பா உடுத்த உடுப்போட வந்தவர். எனக்கு அம்மாட குரல் எப்பிடி எண்டு தெரியாது. ரெண்டு வயசில கேட்டது எனக்கு ஞாபகமில்ல. அது இவ்வளவு காலமும் உங்கட லாச்சிக்குள்ள இருந்திருக்கு. நான் அந்தக் கடையில சீடீ வாங்க வந்திருக்கிறன். நீங்கதான் எடுத்துத் தந்தீங்க. நான் ஆர் எண்டு தெரிஞ்சுதான் தந்தீங்க.”

இன்னும் பேசினாள். வெகுநேரம் பேசினாள். நான் இரண்டு முறை நடுவில் ஏதோ சொல்லப் பார்த்தேன். முதலாளி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அவர் அவளுடைய முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலையைக் குனியவும் இல்லை. அவள் நிறுத்திய பிறகும், இன்னும் இருக்கிறதா என்று காத்துக்கொண்டு நின்றார்.

“முடிஞ்சுது” என்றாள் அவள்.

“நான் செய்தது பிழை மகள்” என்றார் அவர். வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை.

கடைசி நாள் சனிக்கிழமை. அலுமாரிகள் போய்விட்டன. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கசெட் டெக், என்னுடைய பழைய கொம்ப்யூட்டர் மட்டும் இருந்தன. விடைபெற வருகிறவர்களும் ஓய்ந்திருந்தார்கள். பதினொரு மணிபோல அந்த மகள் தனியே வந்தாள். கசெட்டை மேசையில் வைத்து, “இத போனில போட்டுத் தர ஏலுமா அன்ரி?” என்று என்னிடம் கேட்டாள். அவரைப் பார்க்கவில்லை.

போடலாம். ஆனால் கசெட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் எடுக்கும். இருக்கிறேன் என்றாள். நான் வயரைக் கொழுவினேன். முதலாளி வழக்கம்போல எழும்பி வெளியே போகப் பார்த்தார்.

“எங்க போறீங்க?” என்றாள்.

“நான் இதுகள் கேக்கிறதில்ல மகள்.”

“தெரியும். இதக் கேளுங்க” என்றாள்.

அவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். வெறும் கடை என்பதால் குரல் நாலு சுவரிலும் பட்டு வந்தது. போனை வைத்ததற்கு ஏச்சு. பிறகு, போனை வைத்தாலும் இதை வைக்க ஏலாது, இருந்து கேளுங்க என்று இன்னொரு ஏச்சு. கூரைக்கு ஓலை போதாது. கருவாட்டைப் பூனை கொண்டுபோனது. பிள்ளை ஒரு முறை அழுதது. அந்த இடத்தில் மகள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் அந்தப் பெண், “எழுதுற புள்ளட எழுத்து நல்ல வடிவு. எங்கட மகளும் அப்பிடிப் படிக்கணும்” என்றாள். நான் எழும்பி வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது கடைசி வார்த்தை ஓடி முடிந்திருந்தது. முதலாளி இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அழுதாரா என்று தெரியவில்லை. மூக்குக் கண்ணாடி மேசையில் இருந்தது.

நான் போனைக் கழற்றிக் கொடுத்தேன். மகள் ஒரு முறை போட்டுப் பார்த்து, பையில் வைத்து, கசெட்டையும் எடுத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்றாள்.

“நான் இன்னும் கோபம்தான்” என்றாள் அவரைப் பார்த்து. அவர் தலையாட்டினார்.

பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, “சரி, நான் வாறன்” என்றாள்.

எங்கள் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த நாள் அங்கே வருவதற்குக் கடை இருக்காது என்பது அவளுக்கும் தெரியும். அவர் பதில் சொல்ல எழும்பினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை சொல்லப் பார்த்தார். அதுவும் வரவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“ஓம் மகள், வாங்க” என்று நான்தான் சொல்லி முடித்தேன்.